மேடனில் ப்ளேபுக் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன?

மேடன் என்ற அமெரிக்க ஃபுட்பால் வீடியோ கேமை ஆடுகிறவர்களிடம் எனக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. நூற்றுக்கணக்கான ப்ளே, அதாவது யார் எங்கே ஓடுவது என்ற திட்டங்கள், அடங்கிய ப்ளேபுக் கையில் இருக்கும். ஆனால் பாதிப் பேர் திரையில் வரும் பரிந்துரையையே அமுக்குகிறார்கள். மீதிப் பேர் யூடியூபில் பார்த்த ஒரே ப்ளேயை நாலு குவார்ட்டரும் அடிக்கிறார்கள். இரண்டிலும் எதிரில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்ற கேள்விக்கே இடமில்லை. என் கட்சி இதுதான்: ஒரே ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு), அதிலிருந்து நாலைந்து ப்ளே போதும். அதை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவனை அசைப்பது கஷ்டம்.

1989இல் நின்டெண்டோவுக்கு வந்த டெக்மோ போல் என்ற ஃபுட்பால் கேமில் ஓர் அணிக்கு நாலே நாலு ப்ளேதான். தடுக்கிறவரும் அதே நாலில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவர் தேர்வும் ஒன்றாகிவிட்டால் தடுப்பாளர்கள் அத்தனை பேரும் ஒரேயடியாக மேலே விழுவார்கள், ப்ளே அங்கேயே காலி. ஆடத் தெரிந்தவர்களுக்கு அந்த நாலே போதுமானதாக இருந்தது. மேடனின் முதல் பதிப்பு அதற்கு முந்தைய ஆண்டு, 1988இல், ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. ஆளைக் குறைத்து ஆட்டத்தை எளிதாக்கலாம் என்று தயாரித்தவர்கள் யோசித்தபோது, பக்கத்துக்குப் 11 பேர் இல்லாவிட்டால் அது ஃபுட்பாலே அல்ல என்று பிடிவாதமாக நின்றவர் பயிற்சியாளர் ஜான் மேடன். அவர் போராடிப் பெற்றுத்தந்த 22 பேரையும் பார்க்காமல் பட்டனை மட்டும் பார்த்து ஆடினால் எப்படி?

தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கிள்பேக்கில், அதாவது பின்னால் ஓடுகிறவர் ஒருவர் மட்டும் நிற்கும் ஃபார்மேஷனில், நின்று இன்சைட் ஜோன் என்ற நடுவழி ஓட்டத்தை முதலில் இரண்டு மூன்று தடவை கொடுங்கள். மூன்று யார்ட் கிடைத்தாலும் சரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. லைன்பேக்கரை, அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளரை, கையில் வைத்திருக்கும் எதிராளி அடுத்த முறை ஸ்னாப் ஆனதும் (பந்து ஆட்டத்துக்கு வந்ததும்) தானாக ஓரடி முன்னால் வருவான். அப்போது அதே ஃபார்மேஷனில், ஓடுவதுபோல் காட்டிவிட்டு வீசும் ப்ளே ஆக்‌ஷன் போடுங்கள். அவன் விட்டுவந்த இடத்தில் பந்தை வாங்கும் டைட் எண்ட் தனியாக நிற்பார். ஓட்டத்தையே காட்டாமல் ப்ளே ஆக்‌ஷன் மட்டும் அடிக்கிறவர்களிடம் எந்த மனிதரும் ஏமாற மாட்டார்.

தடுப்பில்தான் கொடுமை அதிகம். எல்லா டவுனுக்கும் (ஒவ்வொரு முயற்சிக்கும்) ப்ளிட்ஸ், அதாவது பந்து வீசும் குவார்ட்டர்பேக் மேல் கூடுதல் ஆட்களை ஏவுவது! எதிராளி ஹாட் ரூட்டில், அதாவது ஸ்னாப்புக்கு முன், பந்தை வாங்கும் ஒரு ரிசீவரின் ஓட்டத்தைக் குறுக்கே வெட்டும் ஸ்லாண்ட்டாக மாற்றினால் கதை முடிந்தது. உண்மையில் தடுப்பவரின் வேலை குவார்ட்டர்பேக்கை ஒரு நொடி தயங்க வைப்பது. மூன்றாவது டவுன், ஏழு யார்ட் வேண்டும் என்று வையுங்கள். பின்னால் இரண்டு சேஃப்டிகள், அதாவது கடைசித் தடுப்பாளர்கள், நிற்கிறார்கள். எதிராளி ஒரு ரிசீவரை மோஷனில், அதாவது ஸ்னாப்புக்கு முன் பக்கவாட்டில், அனுப்பிப் பார்க்கிறான். கூடவே ஒரு தடுப்பாளர் ஓடினால் பெரும்பாலும் மேன் (ஆளுக்கு ஆள் காவல்), ஓடாவிட்டால் ஜோன் (இடத்துக்குக் காவல்). யாரும் ஓடவில்லை, ஆழத்தை இருவர் காக்கும் கவர் 2 என்று முடிவு கட்டுகிறான். ஸ்னாப் ஆனதும் ஒரு சேஃப்டி கீழே இறங்க, மற்றவர் நடுவுக்கு நகர, அது ஆழத்தை மூவர் காக்கும் கவர் 3 ஆகிவிடுகிறது. காலியாக இருக்கும் என்று நம்பி நடுவில் ஆழமாக வீசிய பந்துக்குக் கீழே இப்போது சேஃப்டி நிற்கிறார். அப்படித் தடுப்பாளர் கையில் பந்து சிக்கும் இன்டர்செப்ஷனுக்கு ஈடாக ஆட்டத்தில் வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். அதே கவர் 3ஐ விடாமல் போட்டால் அவனும் சும்மா இருக்க மாட்டான். நாலு பேரை நேராக ஆழத்துக்கு ஓடவிடுவான், பின்னால் மூன்று பேர்தான் இருப்பார்கள்.

அதனால் எதிராளி எந்த டவுனில் எதை அழைக்கிறான் என்று முதல் பாதியிலேயே மனசில் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக மூன்றாவது டவுனில். முதல் டவுனில் யாரும் எதையும் அழைக்கலாம். நெருக்கடி வந்ததும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ப்ளேக்குத்தான் ஓடுவார்கள், பெரும்பாலும் அதே பக்கத்துக்கு, அதே ரிசீவருக்கு. ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் அவன் அழைக்கப்போவதும் அதுதான். உங்கள் லைன்பேக்கரை முன்கூட்டியே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள்.