கபோயிரா ஆசான்கள் எப்படிச் செத்தார்கள்?

பிரேசிலில் ஆப்பிரிக்க அடிமைகள் வளர்த்த, சண்டையும் ஆட்டமும் கலந்த கலையான கபோயிராவை வெறும் கரணமும் குட்டிக்கரணமுமாகப் பார்த்து 'அபாரம்' என்று பகிர்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. 1888இல் அடிமை முறையை ஒழித்த பிரேசில், 1890ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் தெருவில் கபோயிரா ஆடுவதைக் குற்றமாக்கியது. இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் காணி நிலம் கொடுக்க மனம் வராத அரசுக்கு, அவர்கள் காலை வீசினால் மட்டும் கண் தெரிந்தது.

கபோயிராவுக்கு வாசிக்கும் பெரிம்பாவ் என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தைப் பாருங்கள். வளைத்த மரக்கம்பு, பழைய டயரிலிருந்து உரித்த கம்பி, குடைந்த சுரைக்குடுவை. குடுவையின் வாயை வயிற்றில் அணைத்தும் விலக்கியும் நாதத்தை மாற்றுவார்கள். அதில் 'காவலாரியா' என்றொரு தாளம் உண்டு. குதிரைப் போலீஸ் வருகிறது, கலைந்து போங்கள் என்று ஆடுகிறவர்களை எச்சரிக்க வாசித்தது என்பார்கள்.

1930களில் சால்வடார் நகரில் பிம்பா என்ற ஆசான் பள்ளி தொடங்கி, அரசு அனுமதியும் வாங்கினார். மாணவர்களிடம் வேலை அல்லது படிப்புக்கான சான்று கேட்டார். ஏழைகளின் கலையை நடுத்தர வர்க்கத்திடம் கொடுத்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போக்கிரி என்ற பெயரைத் துடைக்க அவருக்கு வேறு என்ன வழி இருந்தது? 1953இல் ஜனாதிபதி வர்காஸ் முன்னிலையிலேயே ஆடிக் காட்டிய அந்த மனிதர், ஆதரவு கிடைக்காமல் ஊரைவிட்டுப் போய், 1974இல் கோயானியாவில் வறுமையில் இறந்தார்.

பாஸ்டீன்யா என்ற இன்னோர் ஆசானின் கதை இன்னும் கொடுமை. 1966இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்குப் பிரேசிலின் சார்பில் போன முதியவர் அவர். சால்வடாரின் பழைய நகரப் பகுதியான பெலோரின்யோவில் அவருடைய பள்ளி இயங்கிய கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்று காலி செய்ய வைத்தார்கள். திருப்பித் தரவே இல்லை. அங்கே உணவகம் வந்தது. பார்வை இழந்து, கையில் காசில்லாமல் 1981இல் கண்ணை மூடினார்.

2014இல் யுனெஸ்கோ, வட்டமாகக் கூடி நின்று ஆடும் கபோயிரா வட்டத்தை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. மகிழ்ச்சிதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வயதான ஆசானுக்கு மாதாமாதம் ஓய்வூதியமும், குடிசைப் பகுதிப் பிள்ளைகள் ஆடுவதற்கு யாரும் காலி செய்யச் சொல்லாத ஓர் இடமும்தான் முதலில் வேண்டும் என்பேன். பாஸ்டீன்யாவின் சீடர் ஜுவாங் கிராஞ்சி, பெட்ரோல் பங்க்கில் வேலை பார்த்துக் காலம் தள்ளியவர். பிறகு நியூயார்க் போய்ப் பள்ளி வைத்தார். அமெரிக்க அரசு 2001இல் தன் மரபுக் கலைஞர்களுக்குத் தரும் உயரிய விருதை அவருக்குக் கொடுத்தது.