முப்பது கேம் கீதாம்!

"லான்ச்ல முப்பது கேம் கீது மச்சான்" என்று ஒரு கேம் பெட்டியைக் காட்டி இனி யாராவது என் காதுபடச் சொன்னால், ஆளைப் பாலாற்று மணலில் கழுத்துவரை புதைத்துவிடுவதாக இருக்கிறேன். புதைக்கிற அளவுக்கு மணல் மிச்சம் இருந்தால்.

எல்லார் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். டிவி வாங்கப் போனாலும் ஃபிரிட்ஜ் வாங்கப் போனாலும் நமக்கு முன்னால் கடை வாசலில் நிற்பார். பணம் கொடுக்கப்போவது அவர் இல்லை. வீட்டுக்குத் தூக்கிவந்து ஒயர் மாட்டப்போவதும் அவர் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை மட்டும் அவருடையது. எங்கள் வீட்டில் அது அக்கா வீட்டுக்காரரின் தம்பி, என் மச்சான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை காட்பாடியில் வந்து இறங்குவார், ஞாயிறு சாயங்காலம் திரும்ப ரயிலேறுவார். நடுவில் கிடைக்கிற நேரத்தில் எங்கள் உயிரை எடுப்பார்.

அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டி, அதாவது கன்சோல், வாங்கித் தருவதாக நான் வாய் விட்டிருந்தேன். சோனியின் பிஎஸ்5-ஆ, மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸா என்பதுதான் கேள்வி. பையனைக் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பான்: "மாமா, பசங்க எல்லாம் பிஎஸ்5-லதான் ஆடுறானுங்க." முடிந்தது. ஆனால் பையனைக் கேட்கிற வழக்கம் நம் குடும்பங்களில் எங்கே இருக்கிறது?

கத்திரி வெயில். அதிலும் மத்தியானம். ஆபிசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடை. கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரே ஒரு ஃபேன், அதுவும் கடைக்காரர் முகத்துக்கு மட்டும். வேலூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. உள்ளே போய் "ஒரு பிஎஸ்5 கொடுங்க" என்று சொல்ல நான் வாயைத் திறக்கிறேன், மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்துகிறார். பையிலிருந்து ஒரு பேப்பரை எடுக்கிறார். எக்ஸெல்லில் போட்டு, கலர் பிரின்ட் எடுத்து, நாலாக மடித்து வைத்திருக்கிறார். பச்சைக் கட்டமெல்லாம் எக்ஸ்பாக்ஸ். நீலக் கட்டமெல்லாம் பிஎஸ்5. தலைப்பில் "லான்ச் லைனப்" என்று இருக்கிறது. பக்கத்தில் தேதி. 2020 நவம்பர்.

2020!

"மச்சான், இது பெட்டி வந்த அன்னிக்கு இருந்த லிஸ்ட்டு. இன்னிக்கு எதுக்கு?"

"லான்ச் லைனப்புன்னா லான்ச்சுல வந்ததுதான? அதான் அஸ்திவாரம். இருங்க, ஒண்ணொண்ணா படிக்கறேன்."

படித்தார். நிஜமாகவே ஒவ்வொன்றாகப் படித்தார். கல்யாணத்தில் மொய் வாசிக்கிற குரலில், கண்ணாடிக் கவுன்ட்டர்மேல் பேப்பரை விரித்து, பேனாவால் டிக் போட்டுக்கொண்டே.

"கியர்ஸ் 5."

"அது 2019 செப்டம்பர்லயே வந்துடுச்சு மச்சான். பழைய எக்ஸ்பாக்ஸ்ல."

"இதுக்குன்னு மெருகேத்தி வுட்டுகீறான். டிக். ஃபோர்ஸா ஹொரைசன் 4."

"அது 2018."

"டிக். சீ ஆஃப் தீவ்ஸ்."

"அதுவும் 2018!"

"டிக்."

ஓரி அண்ட் தி வில் ஆஃப் தி விஸ்ப்ஸ் வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. அது 2020 மார்ச். இவர் கணக்கில் அது பச்சைப் பிள்ளை. ஃபோர்ட்நைட்டுக்கும் ஒரு டிக் விழுந்தது. அக்கா மகன் போனில் காசில்லாமல் ஆடித் தீர்த்த ஃபோர்ட்நைட்! அதை ஒரு புதுப் பெட்டியின் பெருமையாகக் கம்பெனிக்காரன் எழுதியிருக்கிறான், இவர் அதற்கு டிக் போடுகிறார், நான் வியர்வையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் இரண்டு பக்கமும் இருக்கிற கேம்கள். அசாசின்ஸ் க்ரீட் வால்ஹல்லா இங்கேயும் இருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. வாட்ச் டாக்ஸ் லீஜியன், என்பிஏ 2கே21, டர்ட் 5, டெவில் மே க்ரை 5 ஸ்பெஷல் எடிஷன், எல்லாம் அப்படித்தான். பச்சையில் ஒரு டிக், நீலத்தில் ஒரு டிக், பச்சையில் ஒரு டிக், நீலத்தில் ஒரு டிக். கடைக்காரர் இதற்குள் டீ குடித்து முடித்து, ஒரு ரீசார்ஜ் போட்டு, யாருக்கோ ஹெட்போன் விற்று, பில்லும் போட்டுவிட்டார்.

பொறுக்க முடியாமல் சொன்னேன்: "ரெண்டுலயும் இருக்கறத எல்லாம் அடிச்சிடுங்க மச்சான். அதவெச்சு எப்படி எது நல்லதுன்னு சொல்லுவீங்க?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்டி அடிச்சிகினே போனா மீதி இன்னா கீது?"

அதைத்தானே ஐயா நானும் கேட்கிறேன்!

இதில் மச்சானை மட்டும் திட்டி என்ன பயன். அந்த 30 என்ற எண் அவர் கண்டுபிடித்தது இல்லை. புது எக்ஸ்பாக்ஸான சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டையும் 2020 நவம்பர் 10-ல் இறக்கியபோது மைக்ரோசாப்டே பெருமையாகச் சொன்ன கணக்கு அது. ஏன் அப்படிப் பழைய சரக்கைக் கூட்டிக் காட்ட வேண்டிவந்தது? எக்ஸ்பாக்ஸுக்கே பேர் வாங்கிக் கொடுத்த ஹேலோ என்ற கேம் இல்லை. அந்தப் பெட்டியை விற்பதற்கென்றே செய்துகொண்டிருந்த ஹேலோ இன்ஃபினிட்டை, அறிமுகத்துக்கு மூன்று மாதம் முன்னால், 2020 ஆகஸ்ட்டில் தள்ளி வைத்துவிட்டார்கள். நம் ஊரை ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நக்கலடிப்பார்களே, அந்த வரிசையில் கடைசியாகச் சேர்க்கலாம், ஹேலோ இல்லாத எக்ஸ்பாக்ஸ். நம் ஜலகண்டேஸ்வரராவது 1981-ல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஹேலோ வர 2021 டிசம்பர் 8 ஆனது. பெட்டி வந்து ஒரு வருஷத்துக்கு மேல்.

சோனிக்காரன் மட்டும் யோக்கியனா? நீலக் கட்டத்தைப் பாருங்கள். டீமன்ஸ் சோல்ஸ்: 2009-ல் பிஎஸ்3-க்கு வந்ததைத் திரும்பக் கட்டியது. அழகாகத்தான் கட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வந்தபோது விலை 4,999 ரூபாய். ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸ், சாக்பாய் இரண்டும் பழைய பிஎஸ்4-லேயே ஓடும். புதுப் பெட்டி வாங்கினால்தான் ஆட முடியும், புதிதாகவும் இருக்கும், கையிலும் புது மாதிரி உறைக்கும் என்றால் அது ஆஸ்ட்ரோஸ் ப்ளேரூம் ஒன்றுதான். அதைப் பெட்டிக்குள்ளேயே இலவசமாகப் போட்டுக் கொடுத்துவிட்டான்! மச்சானின் பேப்பரில் அதற்கு டிக் இல்லை. ஏன் என்று கேட்டேன். "அது ஃப்ரீ மச்சான், அது கணக்குல வராது."

இன்னொரு கூத்து. எந்த லான்ச்? உலகத்துக்கு 2020 நவம்பர். நமக்கு பிஎஸ்5 வந்தது 2021 பிப்ரவரி 2. முன்பதிவு திறந்த நிமிஷங்களிலேயே தீர்ந்துபோனதால் பாதிப் பேருக்கு அதுகூட லான்ச் இல்லை. நவம்பரில் வரவேண்டிய டெஸ்ட்ரக்ஷன் ஆல்ஸ்டார்ஸ் என்ற பிஎஸ்5 கேம் தள்ளிப்போய் அதே பிப்ரவரி 2-ல் வந்தது. அப்படியென்றால் இந்தியாவின் லான்ச் பட்டியலில் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும் இல்லையா? இதை மச்சானிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேனாவை மறுபடி திறந்திருப்பார்.

வந்த அன்றைக்குக் கூடவே எத்தனை கேம் இருக்கிறது என்பதை வைத்து எந்தப் பெட்டியின் தலையெழுத்தும் தீர்மானமானதில்லை. நிண்டெண்டோ 64 1996-ல் ஜப்பானில் வந்தபோது மொத்தமே மூன்று கேம். அதில் ஒன்று ஜப்பான்காரர்களின் சதுரங்கம். ஆனால் இன்னொன்று சூப்பர் மரியோ 64. அந்த ஒன்றுக்காக ஜனம் வரிசையில் நின்றது. ட்ரீம்காஸ்ட் என்ற பெட்டி 1999-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது பட்டியலைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள், சோல்காலிபர் எல்லாம் முதல் நாளே இருந்தது. 2001-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதற்கு எதிரே வந்த பிஎஸ்2-க்கு அமெரிக்காவில் முதல் நாள் கிட்டத்தட்ட 30 கேம். மச்சானுக்குப் பிடித்த அதே 30. அதில் எத்தனை கேமின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறது? டெக்கன் டேக் டோர்னமென்ட் ஒன்று தப்பிக்கும், சரி. நாமெல்லாம் கிளாஸை கட் அடித்துவிட்டு, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, காட்பாடி சந்துகளில் கையில் தழும்பு வர ஆடியது என்ன? வைஸ் சிட்டி, 2002. சான் ஆண்ட்ரியாஸ், 2004. பெட்டி வந்து வருஷங்கள் கழித்து. அந்த பிஎஸ்2 15 கோடிக்கு மேல் விற்றது, அதில் பாதி வீட்டில் டிவிடி பார்க்கத்தான் வாங்கினார்கள் என்பது என் கட்சி.

திரும்பக் கடைக்கு வருவோம். மச்சானின் பேப்பரில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது. "ஸ்டார் போட்டதெல்லாம் வேற எங்கயும் கெடைக்காது மச்சான்." அந்த நட்சத்திரங்களில் ஒன்று சீ ஆஃப் தீவ்ஸ். அது 2024 ஏப்ரலிலேயே பிஎஸ்5-க்கு வந்துவிட்டது. ஃபோர்ஸாவின் 4 வரவில்லை, அதைவிடப் புதிய ஹொரைசன் 5 2025-ல் வந்துவிட்டது. இதில் உச்சம், ஹேலோவே பிஎஸ்5-க்கு வருவதாக 2025 அக்டோபரில் அறிவித்துவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் எதைக் காட்டி "எங்க பெட்டியில மட்டும்தான்" என்று சண்டை போட்டார்களோ, அதையே. போனில் எடுத்துக் காட்டினேன். மச்சான் பார்த்தார். பொறுமையாகப் படித்தார். பிறகு சொன்னார்: "அது இப்ப வந்தது. லான்ச்ல இல்ல இல்ல?"

அக்கா மகன் இதற்குள் கடைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தே கேட்டான்: "சித்தப்பா, அந்த லிஸ்ட்ல ஃபுட்பால் இருக்கா?"

மச்சான் பச்சையில் தேடினார். நீலத்தில் தேடினார். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். இருக்காது. புதுப் பெட்டிகளுக்கென்று செய்த ஃபிஃபா 21 வந்ததே 2020 டிசம்பர் 4-ல். "கிரிக்கெட்டு?" கிரிக்கெட் 22 வந்தது 2021 டிசம்பரில். பையன் வாழ்நாளில் ஆடப்போகிற இரண்டு கேமும் அந்தக் கலர் பிரின்ட்டில் கிடையாது. ஆடப்போகாத டிக்குகளை எண்ணிக் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கிறார், நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கடைசியில் கூட்டி முடித்தார். அடியில் இரண்டு கோடு போட்டார். வெற்றிக் களையோடு நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்து, "பாஸ், எக்ஸ்பாக்ஸ் ஒண்ணு எடுங்க" என்றார்.

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எக்ஸ்பாக்ஸ் நாங்க வெக்கறதில்லையே சார். கேக்கறதுக்கு ஆளு இல்ல."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. படிக்கட்டில் பையன் சிரிக்கிறான், ஹெட்போன் வாங்க வந்தவன் சிரிக்கிறான், சத்தம் கேட்டு எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். மச்சான் மட்டும் பேப்பரை அதே மடிப்பில் நாலாக மடித்துப் பத்திரமாகப் பைக்குள் வைக்கிறார். இன்னொரு கடைக்குக் கொண்டுபோவாராம்.

பிஎஸ்5-ஐ வாங்கிக்கொண்டு, கோபமெல்லாம் போகட்டும் என்று வரும் வழியில் பிரியாணி பார்சல் வாங்கினேன். ஆம்பூர் பிரியாணி என்று பலகையில் இத்தனை பெரிய எழுத்தில் போட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து பிரித்தால் கத்திரிக்காய் இல்லை. வெங்காயத் தயிர்ப்பச்சடி மட்டும் இரண்டு பொட்டலம். கத்திரிக்காய் இல்லாமல் ஆம்பூர் பிரியாணியை எப்படி ஐயா கட்டிக் கொடுக்கக் கை வந்தது? போன் போட்டுக் கேட்டால், "கத்திரிக்காய் தனி சார், இருவது ரூபா" என்கிறான். 2019-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது ஆம்பூரைத் திருப்பத்தூர் பக்கம் கொடுத்தார்கள், தெரியும். கத்திரிக்காயையும் சேர்த்தா கொடுத்தார்கள்?