வங்கி டெபாசிட்டுக்கு 1 லட்சம் அல்ல, 5 லட்சம்

“வங்கி திவாலானால் 1 லட்சம்தான் கிடைக்கும், டெபாசிட்டை உடனே எடுத்துவிடுங்கள்” என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது பழைய கணக்கு. 2020 பிப்ரவரி 4 முதல், வங்கி நொடித்தால் டெபாசிட்டுக்குக் கிடைக்கும் காப்பீட்டின் வரம்பு, அசலும் வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய். ஒரே வங்கியின் காரைக்குடிக் கிளையிலும் தேவகோட்டைக் கிளையிலும் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட செய்தியை நம்பி எங்கள் தெரு ஆச்சி ஒருவர் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முறித்தார். வட்டி குறைந்தது. அந்தப் பணத்தைக் கூடுதல் வட்டி சொன்ன ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் போட்டார். ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு “இது பத்திரம்தானே தம்பி?” என்கிறார். அங்கே இந்தக் காப்பீடு ஒரு ரூபாய்க்கும் கிடையாது!

அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் என்ற வங்கி நிறுவனம் நொடித்துப் பலரின் சேமிப்பு போனது. அதன் பிறகுதான் 1907இல், நகரத்தார் பங்களிப்புடன், இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. நொடிக்கும் வங்கி, நிதி நிறுவனங்களை என்ன செய்வது என்பதற்காக 2017இல் வந்த நிதித் தீர்வு மசோதாவையும், டெபாசிட் பறிபோகும் என்ற மக்கள் அச்சத்துக்குப் பின், அரசு 2018இல் திரும்பப் பெற்றது.

5 லட்சத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் வேறு வேறு வங்கிகளில் பிரித்துப் போடலாம். அந்தப் பதிவை எழுதியவர் தயவுசெய்து திருத்துங்கள். வயதானவர்கள் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.