விவாகரத்து ஒரு வழக்கு, பிள்ளை இன்னொரு வழக்கு

விவாகரத்துக்காகக் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிற எங்கள் தமிழ் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் குழப்பம் ஒன்றுதான். "அவர் செய்த அநியாயத்தை நிரூபித்தால் பிள்ளை எனக்குத்தானே?" என்று பெண்கள் கேட்கிறார்கள். "வீட்டை விட்டுப் போனது அவள், பிறகு என்ன முகத்தோடு பிள்ளையைக் கேட்பாள்?" என்கிறார்கள் ஆண்கள். இரண்டும் பிழை. நான் சட்டத்தரணி இல்லை. வழக்குப் பத்திரங்களையும் சத்தியக்கடதாசிகளையும் மொழிபெயர்த்துக் கொடுப்பவள். ஆனால் குடும்பங்கள் எந்த இடத்தில் சறுக்குகின்றன என்பது அந்தக் காகிதங்களிலேயே தெரிந்துவிடும்.

பொதுச் சட்டத்தின் கீழ் பதிந்த திருமணத்தைக் கலைக்க, 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்கிற காரணங்கள் மூன்றே மூன்று: மணமான பிறகு பிறரோடு உறவு, தீய நோக்கத்தோடு துணையைக் கைவிடுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. (முஸ்லிம்களுக்கும் கண்டியச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் வழி வேறு.) "ஒத்துவரவில்லை, இருவரும் பிரிய விரும்புகிறோம்" என்பது அந்த மூன்றில் இல்லை. அதனால் சமாதானமாகப் பிரிய நினைப்பவர்களில்கூட ஒருவர் மற்றவரை 'கைவிட்டார்' என்று குற்றம் சொல்லித்தான் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டியிருக்கிறது. அரசியல்வாதிகளுக்கு இதை மாற்ற என்ன தயக்கமோ!

கைவிடுதல் என்றால் யார் முதலில் பெட்டியைத் தூக்கினார் என்பது மட்டுமல்ல. அடியும் அவமானமும் தாங்காமல் ஒருவர் வெளியேறினால், வெளியேற வைத்தவரையே கைவிட்டவராக நீதிமன்றம் பார்க்கலாம். ஆனால் அதற்குச் சான்று வேண்டும். எங்கள் பெண்கள் செய்வது என்ன? ஊர் வாய்க்குப் பயந்து "அம்மாவுக்குச் சுகமில்லை, கொஞ்ச நாள் நிற்கப் போகிறேன்" என்று வட்ஸ்அப் அனுப்பிவிட்டு வெள்ளவத்தைக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு அந்தச் செய்தியே எதிர்த்தரப்பின் ஆவணமாகிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, டொக்டரின் துண்டு, உண்மையான காரணத்தைச் சொல்லும் ஒரு செய்தி, இவ்வளவு இருந்தாலே நிலைமை வேறு.

பிள்ளை விடயத்தில் நீதிமன்றம் கேட்கும் கேள்வியே வேறு. அங்கே பிள்ளையின் நலன்தான் முதலில். ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே வழங்கிவரும் ரோமன் டச்சுச் சட்டத்தில் தகப்பனுக்கு இருந்த முன்னுரிமையை மட்டும் பிடித்துக்கொண்டு இன்று வெல்ல முடியாது. சின்னப் பிள்ளை என்றால் தாயின் பக்கம் சாய்வு இருக்கும், ஆனால் அது உத்தரவாதமும் இல்லை. பாடசாலைக்குக் கூட்டிப் போவது யார், காய்ச்சல் வந்தால் இரவு விழித்திருப்பது யார், பிள்ளை எங்கே படுத்தெழும்புகிறது, மற்றவரோடு பேச இவர் விடுவாரா என்பவைதான் அங்கே பேச்சு. விவாகரத்து மனுவில் கணவனை மிருகம் என்று பத்துப் பக்கம் எழுத வைத்தவர், அதே மனிதரிடம் பிள்ளையைச் சனிக்கிழமை விட ஒப்புக்கொள்ளும்போது எந்த வாயால் பேசுவார்? பாடம் படிப்பிக்கிறேன் என்று பாடசாலைக் கட்டணத்தை நிறுத்தும் தகப்பனும் தன் வழக்குக்குத் தானே குழி வெட்டுகிறார்.

பிள்ளையை ஒளித்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு மாமா சொல்வார், "யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடு, பிறகு பார்ப்போம்" என்று. பிள்ளையின் தாயோ தகப்பனோ, மறுபக்கம் இருப்பவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடுவார், பிள்ளையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அந்த மாமா அன்றைக்கு வரமாட்டார்.

எதை முதலில் செய்வது என்பதுதான் உண்மையான உபாயம். கோபத்தில் விவாகரத்தைப் போட்டுவிட்டு, தவணைக்கு மேல் தவணையாக இழுபடும்போது செலவுக்கு அண்ணனிடம் கை நீட்டுகிறார்கள். தாபரிப்புக்கு, அதாவது துணைக்கும் பிள்ளைக்குமான வாழ்க்கைச் செலவுக்கு, விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையே இல்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம். பிள்ளை 18 வயதைத் தாண்டினாலும் தன்னைத் தானே பார்க்க முடியாவிட்டால் 25 வரை கேட்க இடமுண்டு. வீட்டில் வன்முறை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது: 14 நாளுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதற்கும் வழக்கு நடக்கும்போதே இடைக்காலக் கட்டளை கேட்கலாம். நிலைமை மாறினால் அதையும் மாற்றக் கேட்கலாம்.

இனி எனக்கு மிகவும் கோபம் வருகிற இடம். "சீதன வீட்டை எழுதித் தா, பிள்ளையை வைத்துக்கொள்" என்று பேரம் பேசும் பெரியவர்கள். வீட்டுக்குத் தனி வழி இருக்கிறது, அதைத் தனியாகவே பேசுங்கள். பிள்ளை பற்றிய இணக்கத்தில் "நியாயமான முறையில் சந்திக்கலாம்" என்று ஒரு வரி மட்டும் போட்டால், அடுத்த சண்டைக்கு நாள் குறித்தாயிற்று. எந்த நாள், எத்தனை மணிக்கு, வாசலில் யார் ஒப்படைப்பது, தீபாவளி யாரிடம், பொங்கல் யாரிடம், ஓகஸ்ட் விடுமுறை எப்படி, ரியூசன் காசு யார், கடவுச்சீட்டு யாரிடம், வெளிநாடு போக யார் கையெழுத்து, எல்லாம் எழுத்தில் வரட்டும். படிக்கச் சலிப்பாக இருக்கிற இணக்கம்தான் நல்ல இணக்கம்.

வெளிநாடு என்றதும் ஒன்று. பாதி உறவு கனடாவிலும் லண்டனிலும் இருப்பதால், "பிள்ளையோடு ஏறிவிட்டால் முடிந்தது" என்று பலர் நம்புகிறார்கள். பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கைக்காக இலங்கை 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த உடன்படிக்கை செல்லுபடியாகும் நாடுகளுக்கிடையே என்றால், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்க முடியும்.

அப்புறம், விவாகரத்து வழக்கின் இடைக்காலத் தீர்ப்பு கையில் வந்த உடனே கல்யாணத் தரகரைக் கூப்பிடாதீர்கள். குறைந்தது 3 மாதம் கழித்துத்தான் அது முற்றாகும். அதற்கு முன் இன்னொரு திருமணம் செல்லாது.

கொழும்பில் வழக்கு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கும். விளங்காத மனுவில் கையெழுத்து வைக்காதீர்கள், வரிவரியாக வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கு மொழி தெரியாதவருக்கு அரசே தமிழில் உரைபெயர்ப்பு தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது, வெட்கப்படாமல் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையிலேயே இருக்கிறது. போகும்போது விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வருமானம் காட்டும் ஏதாவது காகிதம், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். மாமாவை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.