ஜஸ்வந்த் சிங்: கீழ்ப்படிதல் மட்டும்தானா?
ராணுவ அதிகாரியாக இருந்து பின்னர் பா.ஜ.க. தலைவர்களில் ஒருவராகவும் மத்திய அமைச்சராகவும் இருந்த ஜஸ்வந்த் சிங்கைப் பற்றி வந்த ஒரு கட்டுரை, அவருடைய அரசியலையும் எழுத்தையும் "ராணுவம் கற்றுக்கொடுத்த கீழ்ப்படிதல்" என்ற ஒன்றிலேயே அடக்கிவிடுவதை ஏற்க முடியவில்லை. கட்சிக்குக் கீழ்ப்படிவதே அவர் குணமென்றால் 2009 ஆகஸ்டில் ஜின்னா பற்றிய புத்தகத்தை வெளியிட்டிருக்கவே மாட்டார். பிரிவினைப் பழியை ஜின்னா தலையில் மட்டும் போடாமல் நேரு, பட்டேல் பங்கையும் அதில் பேசினார். புத்தகம் வந்த சில நாட்களிலேயே பா.ஜ.க. அவரை நீக்கியது, குஜராத் அரசு தடை போட்டது. அந்தத் தடையை உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்தது. நிதி, வெளியுறவு, பாதுகாப்பு மூன்று துறைகளையும் பார்த்த மனிதருக்கு, முப்பது ஆண்டு உழைத்த கட்சி கொடுத்த மரியாதை இது! 2014 மக்களவைத் தேர்தலில் ராஜஸ்தானின் பார்மர் தொகுதியில் சீட்டு மறுக்கப்பட்டபோதும் அடங்கிப் போகவில்லை, சுயேச்சையாக நின்றார். அவரைத் தோற்கடித்த பா.ஜ.க. வேட்பாளர் சோனாராம் சௌத்ரியும் ஓய்வுபெற்ற கர்னல்தான். ஆக, ராணுவப் பின்னணி எல்லோரையும் ஒரே வழியில் நடத்துவதில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், ஜின்னா புத்தகத்தைத் தவிர அவர் எழுதியதில் படிக்க ஒன்றுமில்லை என்கிறார். பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பின், 1998-இல் ஃபாரின் அஃபேர்ஸ் இதழில் 'அணு ஆயுத இன ஒதுக்கலுக்கு எதிராக' என்று அவர் எழுதிய கட்டுரையைப் படித்துப் பாருங்கள். சில நாடுகள் மட்டும் அணு ஆயுதம் வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தடுப்பது என்ன நியாயம் என்று அமெரிக்க வாசகர்களிடமே நேராகக் கேட்டார். அதே காலத்தில்தான் அமெரிக்க வெளியுறவுத் துணை அமைச்சர் ஸ்ட்ரோப் டால்பட்டுடன் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தையும் நடத்திக்கொண்டிருந்தார். என் தந்தையும் ராணுவத்தில் இருந்தவர்; மேலதிகாரி சொன்னதைச் செய்வார், ஆனால் தவறென்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் செய்வார். ஜஸ்வந்த் சிங்கிடம் நான் மதிப்பது அந்த நேர்மையைத்தான், அவரைப் பற்றி வந்த அந்தக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.