மைக் செட்டுக்கு நன்றி சொன்னாங்க, சந்தோஷம்

சனிக்கிழமை மண்டபத்துல எங்க ஆபீஸ் நடத்தின நிகழ்ச்சியில, நன்றியுரையில என் பேர் விட்டுப்போனதைப் பத்தி ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல கேட்டுட்டீங்க. வீடியோவும் பார்த்திருப்பீங்க. மறுபடி முதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். நன்றியுரையில பேர் வந்தவங்க: எங்க பெரியவர் டத்தோ (மலேசியாவுல கொடுக்கிற பட்டம்), அவர் மனைவி டத்தின், பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பந்தல், பூ அலங்காரம், மீ கோரெங் போட்ட அக்கா, மைக் செட் அண்ணன். அந்த நன்றியுரையை வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து எழுதினது நான். என் பேரை நானே எப்படி அதுல எழுதுவேன்? வாசிச்சவருக்காவது தோணியிருக்கணும். தோணல.

போகட்டும். என் கோபம் அது இல்ல. (சரி, அதுவும்தான்.)

திங்கட்கிழமை ஈப்போ ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டு, நான் கேட்ட பதவி உயர்வு எனக்கு இல்லன்னுட்டு, அதுக்குக் காரணம் சொன்னதுதான் ரெண்டு நாளா தொண்டையில நிக்குது. "உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா உங்களை வெளியில யாருக்கும் தெரியலையே."

நான் பார்க்கிறது மக்கள் தொடர்பு (பி.ஆர்.) வேலை. பதினோரு வருஷமா எனக்குக் கொடுத்த வேலையே வெளியில தெரியாம இருக்கிறதுதான். பேச்சு டத்தோ பேசினதா இருக்கணும். அறிக்கை நிர்வாகம் விட்டதா இருக்கணும். நிருபர் தானே மோப்பம் பிடிச்சு எழுதின மாதிரி செய்தி வரணும். தெரியக் கூடாதுன்னு சொன்னதும் நீங்க, தெரியலையேன்னு மார்க்கைக் குறைக்கிறதும் நீங்க. இதுக்கு என்ன பேரு?

இந்த வேலை என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு மூணு மொழியில செய்தி அனுப்பினேன். ஒண்ணை எழுதி மத்த ரெண்டுக்கும் மாத்திப் போடுறது இல்ல. மலாய் பத்திரிகைக்கு முதல் வரியிலேயே எத்தனை ரிங்கிட், யார் எடுத்துக் கொடுத்தாங்கன்னு வேணும். ஆங்கிலத்துக்கு ஒரு பிள்ளையோட கதை வேணும். தமிழ்ப் பத்திரிகைக்குப் பிள்ளையோட அப்பா பேர், தோட்டத்துப் பேர், அந்தத் தோட்டம் இப்ப வீடமைப்பா மாறியிருந்தாலும் பழைய பேர்தான் வேணும். ஒரு முன்னெழுத்து தப்பா வந்தா, காலையில நான் பசியாறி முடிக்கிறதுக்குள்ள பாட்டி போன்ல வந்து நிக்கும். அந்தப் போனும் எனக்குத்தான் வரும், டத்தோவுக்கு இல்ல.

இதெல்லாம்கூட பெரிசில்ல. இந்தத் தொழில்ல பெரிய வேலை, வராத செய்திதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு முகாம்ல பிள்ளைங்க வாந்தி எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? பலருக்கு இருக்காது. இருக்காம நான் பார்த்துக்கிட்டேன். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை செத்துப்போச்சுன்னு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் சுத்துது. வாந்தி எடுத்த ஏழு பிள்ளைங்க வீட்டுக்கும் போன் போட்டேன். ஒரு அம்மா பேசவே இல்ல, போனைப் பிள்ளை வாய்கிட்ட வச்சுட்டாங்க. அது "ஆன்ட்டி, மைலோ குடிச்சுட்டேன்"னு சொல்லுச்சு. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. ஆறே வரியில அறிக்கை: இதுவரை தெரிஞ்சது இது, இன்னும் தெரியாதது இது, அடுத்த தகவல் காலை எட்டு மணிக்கு. பத்தே முக்காலுக்கெல்லாம் எல்லா குரூப்லயும் போய்ச் சேர்ந்துருச்சு. மறுநாள் பேப்பர்ல உள்பக்கம் ரெண்டு வரி. அந்த ரெண்டு வரிக்கு மேல ஒரு வரிகூட வராததுதான் என் வேலை. வராத செய்தியை எந்தக் கத்தரிக்கோலால வெட்டி ஃபைல்ல ஒட்டுறது?

ஆனா எங்க ஆபீஸ்ல கணக்கு ஃபைல்தான். எத்தனை செய்தி வந்துச்சு, எத்தனை அங்குலம், அந்த இடத்துக்கு விளம்பரம் போட்டிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்னு ரிங்கிட் கணக்கு. 2010-லேயே இந்தத் தொழில்காரங்க பார்சிலோனாவுல கூடி, விளம்பர விலையை வச்சு எங்க வேலையை மதிப்பிடாதீங்கன்னு கொள்கையே போட்டுட்டாங்க. பார்சிலோனாவுல இருந்து எங்க சுங்கை சிப்புட்டுக்கு பஸ் இன்னும் வரல போல.

இப்ப கமெண்ட்ல வரப் போறவங்களுக்கு.

"சம்பளம் வாங்குறீங்கல்ல?" வாங்குறேன். மைக் செட் அண்ணனும்தான் வாங்கினார். அடுத்தது.

"நீங்களும் லிங்க்ட்இன்ல போட்டுக்க வேண்டியதுதானே?" என்னத்தைப் போட? டத்தோ கண் கலங்கிப் பேசின அந்த நாலு வரி என் வரின்னா? அன்னைக்கே வேலை போயிரும், போகவும் வேணும். இன்னொருத்தர் வாய்க்கு எழுதிக் கொடுத்துட்டு அதுக்கு உரிமை கொண்டாடுறது அசிங்கம். இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல.

"பேச்சு எழுதுறவங்க பேர் தெரியாமதான் இருப்பாங்க, உலகமே அப்படித்தான்." இதுல நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். 1961-ல அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பதவியேற்ற பேச்சுல, அவருக்கு எழுதிக் கொடுத்த டெட் சோரன்சன் கை எவ்வளவுன்னு கேட்டுக் கேட்டு ஓய்ஞ்சாங்க, மனுஷன் வாயைத் திறக்கல. ஆனா அவர் அப்ப ஜனாதிபதிக்குச் சிறப்பு ஆலோசகர். வெள்ளை மாளிகையில ரூம். மேடையில பேர் வரலைன்னாலும் கதவுல பேர் இருந்துச்சு. நான் கேட்டதும் அந்தக் கதவைத்தான். மேடையை நான் எப்பவுமே கேட்கல.

எங்கம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவங்க. இருட்டுல பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெத்தியில விளக்கைக் கட்டி மரம் மரமா வெட்டிப் போன கைக்கு இன்னைக்கும் விரல் நிமிராது. அம்மா வேலையை எந்த மேடையிலயும் யாரும் சொன்னதில்ல. ஆனா ஸ்டோர்ல பால் நிறுக்கும்போது பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். வாளியைக் கவிழ்த்ததும் கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) எடையைச் சத்தமாப் படிப்பார், அம்மா பேருக்கு நேரா எழுதுவார். தண்ணி கலந்திருக்கான்னு மிதவையை விட்டுப் பார்ப்பார், அதையும் எழுதுவார். எழுதினதை அம்மா எட்டிப் பார்ப்பாங்க. படிக்கத் தெரியாது, ஆனாலும் எட்டிப் பார்ப்பாங்க. வெள்ளைக்காரன் போட்ட தோட்டம், ஈவு இரக்கம் கிடையாது, கூலி அடிமட்டம். அவன்கூட யார் பால் எவ்வளவுன்னு எழுதி வச்சான். ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிற நம்ம ஆளுங்க எழுதல.

சரி, அந்தப் பதவி கிடைச்ச தம்பி நல்ல பையன். அவன் மேல எனக்குக் கோபம் இல்ல. எல்லா நிகழ்ச்சியிலயும் டத்தோ தோள் பக்கத்துல நின்னு ஒரு செல்ஃபி போடுவான், அவ்வளவுதான். அந்தப் படத்துக்குக் கீழ போடுற ரெண்டு வரியை என்கிட்டதான் கேட்பான். சனிக்கிழமையும் கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.

இதை எழுதும்போதுதான் உறைக்குது. "தோட்டத்துப் பிள்ளை, பணிவான பிள்ளை, எங்க போட்டாலும் இருக்கும்"னு சேர்ந்த வருஷமே ஒருத்தர் என்னைப் பாராட்டினார். நான் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சந்தோஷமாச் சொன்னேன். எங்க போட்டாலும் இருக்கும்! நாற்காலியைச் சொல்ற மாதிரி.

நேத்து கடைத்தெருவுல ஒரு 555 புத்தகம் வாங்கினேன். மளிகைக்கடையில கடன் எழுதுவாங்களே, அதேதான். தேதி போட்டு எழுதியிருக்கேன். என்ன எழுதிக் கொடுத்தேன், யாருக்குப் போச்சு, அதனால என்ன நடந்துச்சு, என்ன நடக்காம நின்னுச்சு. பழைய ஈமெயிலைத் தோண்டித் தோண்டி ஏழு பக்கம் வந்திருச்சு, இன்னும் 2023-ஐத் தாண்டல. அடுத்த தடவை "தெரியலையே"ன்னா மேசை மேல வைக்கலாம்னு இருக்கேன். இல்ல, வேற ஆபீஸ் மேசையில வைக்கலாம்.

டேக் யாரையும் பண்ணாதீங்க. ஆபீஸ் பேரையும் கமெண்ட்ல போடாதீங்க, போட்டா அழிச்சுருவேன். மைக் செட் அண்ணனைக் கிண்டல் பண்ணி யாரும் எழுத வேணாம். நிகழ்ச்சி முடிஞ்சு வயரைச் சுத்திக்கிட்டே, "பேச்சு யாரு தங்கச்சி எழுதினா, நல்லா இருந்துச்சே"ன்னு கேட்ட ஒரே ஆள் அவர்தான். தெரியலண்ணேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.