விரல் ரேகை விழாதவருக்கும் அரிசி கிடைக்கச் சட்டத்தில் ஒரு வரி வேண்டும்

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று காலமெல்லாம் சேற்றில் கிடந்த கையில் ரேகை தேய்ந்துவிடும். வேதாரண்யம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் மோசம். அந்த விரலைத்தான் 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடை மிஷினில் வைக்கச் சொல்கிறோம். "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்று கேட்டுக் காலிப் பையோடு திரும்பும் அக்காக்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். நடவு நேரமென்றால் அன்றைய கூலியும் போச்சு.

இதை மிஷின் கோளாறு என்று விட்டுவிட முடியாது. மிஷின் கைவிட்டால் என்ன செய்வது என்று சட்டம்தானே சொல்ல வேண்டும்?

2016 ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு மானியம் பெற ஆதார் வழியே சரிபார்க்கச் சொல்லலாம், அல்லது ஆதார் இருப்பதற்கான சான்றைக் கேட்கலாம். எண்ணே கிடைக்காதவருக்கு வேறு அடையாளத்தை ஏற்க வேண்டும் என்றும் இருக்கிறது. எண் இருந்தும் ரேகை விழாதவருக்கு? அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2017 அக்டோபரில் ஆதார் ஆணையம் அனுப்பிய சுற்றறிக்கையில் இருக்கிறது. தகுதியுள்ள யாருக்கும் மறுக்க மாட்டோம் என்று மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கொடுத்த உறுதி, உச்ச நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் இருக்கிறது. கடை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்?

அதே தீர்ப்புதான் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாது என்றது. 2019இல் திருத்தம் வந்தபோது, ஆதார் இல்லை என்று வங்கி சேவையை மறுக்கக் கூடாது எனச் சட்டத்திலேயே எழுதினார்கள். வங்கியில் அதை எடுத்துக் காட்டிப் பேசலாம். அரிசிக்குப் போகிறவர் எதைக் காட்டுவார்? இது பெரிய அநியாயம்.

2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: உரிய தானியம் கிடைக்காதவருக்கு அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி, அதாவது பணம், தர வேண்டும். நல்ல பிரிவு. ஆனால் கடைக்கு வந்தோம், ரேகை விழவில்லை, திருப்பி அனுப்பினார்கள் என்பதற்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டாமா? படி கேட்டுப் போனால் முதல் கேள்வியே அதுதானே.

செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டோ, கருவிழி பார்த்தோ எப்படியாவது கொடுத்தனுப்பும் விற்பனையாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது, மனதாரப் பாராட்டுகிறேன். ஐம்பது வயதில் இன்னும் நடவுக்குப் போகிற அக்கா அதில் வரமாட்டார். விற்பனையாளரின் நல்ல மனசை நம்பித்தான் அவர் சாப்பிட வேண்டுமா?

ரேகை விழாவிட்டால் அன்றைக்கே ரேஷன் அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பொருள் கொடுக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். இதைச் சட்டத்திலேயே சேருங்கள். அதுவரை மாநில அரசு ஓர் அரசாணையாவது போடட்டும். வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மனுநாளில் இதைக் கேட்டு மனு கொடுக்கிறோம். ரேகை விழாமல் திரும்பியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தத் தேதியில் திரும்பினார்கள் என்று கேட்டு எழுதி, அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.